தீர்ப்புக்குப் பிறகு தடயப் பெட்டி யார் கையில்?

[திரையில்: பனி மூடிய ஆங்கரேஜ் நகரம், அலாஸ்கா]

1993 மார்ச். ஆங்கரேஜில் ஒரு பெண்ணைக் காரில் கூட்டிப்போன இரண்டு பேர், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் அவரைப் பலாத்காரம் செய்தார்கள். கோடரிக் காம்பால் அடித்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். செத்துவிட்டார் என்று நினைத்து, மேலே பனியை அள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். குண்டு தலையை உரசிக்கொண்டுதான் போயிருந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

அங்கே போலீசார் எடுத்த பொருட்களில் ஓர் ஆணுறை இருந்தது. அதில் அப்போதைய ஆரம்பகட்ட டிஎன்ஏ சோதனை ஒன்றைச் செய்தார்கள். வில்லியம் ஆஸ்போர்ன் என்பவரோடு பொருந்தியது. ஆனால் கறுப்பின மக்களில் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் அந்தச் சோதனையில் பொருந்திவிடுவார்! இன்னும் துல்லியமான சோதனை அப்போதே இருந்தது. ஆஸ்போர்னின் வக்கீல்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டார். முடிவு கட்சிக்காரருக்கு எதிராக வந்துவிடுமோ என்ற பயம். தண்டனை 26 ஆண்டு.

வருடங்கள் போகின்றன, டிஎன்ஏ தொழில்நுட்பமும் வளர்கிறது. ஆஸ்போர்ன் அரசிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தடயத்தைக் கொடுங்கள், என் செலவிலேயே புதிய சோதனை செய்துகொள்கிறேன்." அது வேறொருவருடையது என்று வந்தால் அவர் நிரபராதி என்றாகிவிடும். இதை அரசுத் தரப்பும் மறுக்கவில்லை. ஆனாலும் தர முடியாது என்றது.

[திரையில்: நீதிமன்ற வாசல்]

ஏன் முடியாது? விசாரணைக்கு முன்னால் என்றால் கதை வேறு. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்று அரசிடம் இருந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று 1963-ல் 'பிரேடி எதிர் மேரிலாந்து' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 'குற்றவாளி' என்று தீர்ப்பு வந்துவிட்டால், நிரபராதி என்ற அனுமானம் போய்விடுகிறது. பிரேடி உரிமையும் அங்கே உதவாது.

இதைத்தான் 2009 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் உறுதிசெய்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, டிஎன்ஏ-வின் சக்தியைப் புகழ்ந்துதான் தொடங்குகிறது. அப்புறம், தண்டனை பெற்றவருக்குத் தடயத்தைக் கேட்டு வாங்கும் தனி உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை, விதிகளை வகுப்பது சட்டமன்றங்களின் வேலை என்று முடித்துவிடுகிறது. அன்றைக்கு 46 மாநிலங்களில் இதற்கென்று சட்டம் இருந்தது. இல்லாத சில மாநிலங்களில் ஒன்று அலாஸ்கா. அது சட்டம் போட்டது 2010-ல், தீர்ப்பு வந்த அடுத்த வருடம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2004-ல் பரோல் குழு முன்னால் ஆஸ்போர்ன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். "அப்படியென்றால் எதற்குச் சோதனை?" என்று கேட்பீர்கள். பரோல் கேட்டு நிற்கிறவர் வேறு என்னதான் சொல்வார் என்று திருப்பியும் கேட்கலாம். என்னைக் கேட்டால், அந்தச் சண்டையைத் தீர்க்கிற பொருளே பெட்டிக்குள் கிடக்கும்போது இரண்டு பக்கமும் ஊகித்துக்கொண்டிருந்ததுதான் அபத்தம்.

சரி, இன்று 50 மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? அந்தச் சட்டங்களின் உட்பிரிவுகளைப் பார்க்க வேண்டும். டெக்சஸை எடுத்துக்கொள்வோம். 'சோதனை முடிவு சாதகமாக வந்திருந்தால் தண்டனையே கிடைத்திருக்காது' என்று கைதி முதலில் காட்ட வேண்டும். அதாவது, பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதை வைத்து வாதாட வேண்டும்.

ஹாங்க் ஸ்கின்னர் வழக்கில் இன்னொரு முட்டுக்கட்டை. மூன்று கொலைகளுக்காக மரண தண்டனை பெற்றவர். விசாரணையின்போது அவருடைய வக்கீலும் சில பொருட்களைச் சோதிக்கக் கேட்கவில்லை. 'அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், தவறு உங்கள் பக்கம்' என்று டெக்சஸ் நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2010 மார்ச்சில், தண்டனை நிறைவேற ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மறுவருடம் 6-க்கு 3 என்று தீர்ப்பு: மாநிலச் சட்டம் நியாயமற்றது என்று கைதி குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் தனி வழக்குப் போடலாம். கவனியுங்கள், கிடைத்தது வழக்குப் போடும் உரிமைதான். தடயம் இல்லை.

[திரையில்: தேதிகள் ஓடுகின்றன, 2011 முதல் 2025 வரை]

அதே டெக்சஸில் ரூபன் குட்டியரெஸ். 1998-ல் கொள்ளையோடு நடந்த ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை. கொலை நடந்தபோது நான் வீட்டுக்குள்ளேயே இல்லை, கொலையானவரின் நகத்தில் சுரண்டி எடுத்த தடயத்தையும் முடியையும் சோதியுங்கள் என்பது அவர் வாதம். உள்ளே இல்லை என்றாலும் கொள்ளையில் பங்கு உண்டே, அதனால் குற்றம் குற்றம்தான் என்றது மாநில நீதிமன்றம். தூக்கிலிருந்து, அதாவது விஷ ஊசியிலிருந்து தப்ப முடியுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 ஜூலையில் ஊசி போடச் சுமார் 20 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஸ்கின்னரைப் போல இவரும் போட்ட தனி வழக்கை நிராகரிக்க, கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் இன்னும் விசித்திரம்: நீங்கள் ஜெயித்தாலும் அரசு வழக்கறிஞர் தடயத்தைத் தரப்போவதில்லை, எனவே வழக்குப் போடவே தகுதி இல்லை! 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைத் தள்ளியது. நீதிபதி சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பு. இங்கேயும் கிடைத்தது வழக்கைத் தொடரும் உரிமைதான்.

இவ்வளவும் தாண்டித் தடயம் பத்திரமாக இருக்கிறதா என்பது தனிக் கவலை. ஸ்கின்னருக்கு 2012-ல் ஒருவழியாகச் சோதனைக்குச் சம்மதித்தார்கள். சம்பவ இடத்தில் எடுத்த ஒரு ஜாக்கெட்டைக் காணோம் என்று அரசே சொன்னது. கிடைத்தவற்றைச் சோதித்த பிறகு, இவை இருந்திருந்தாலும் தண்டனை மாறியிருக்காது என்று 2014-ல் ஒரு நீதிபதி முடிவுசெய்தார். 2023-ல் ஸ்கின்னர் இறந்தபோதும் மரண தண்டனைக் கைதிதான்.

அரிசோனாவில் லாரி யங்பிளட் வழக்கு இதற்கும் முந்தியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுவனின் உடைகளைப் போலீசார் குளிரூட்டி வைக்கவில்லை, தடயம் கெட்டுப்போனது. போலீசாருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்காதவரை இதில் உரிமை மீறல் இல்லை என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2000-ல், மிச்சமிருந்த தடயத்தில் புதிய டிஎன்ஏ சோதனை செய்தார்கள். யங்பிளட் நிரபராதி. பிறகு அந்த டிஎன்ஏ வேறொருவரோடு பொருந்தியது. 1988 தீர்ப்பு மட்டும் இன்றும் முன்னுதாரணமாக நடப்பில் இருக்கிறது.