26 மாதத்துக்கு ஒருமுறை

நேயர்களுக்கு வணக்கம். செவ்வாயில் மனிதர்கள் குடியேறும் கதை எது கையில் கிடைத்தாலும் படித்துவிடுவேன். படித்து முடித்ததும் பெரும்பாலும் கோபம்தான் வரும். கதாநாயகனுக்கு அவசரமென்றால் மறுநாளே ராக்கெட் கிளம்பிவிடுகிறது!

செவ்வாய் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமி சூரியனை 365 நாளில் சுற்றுகிறது. செவ்வாய்க்கு 687 நாள் ஆகிறது. குளச்சலில் வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள், ஓடும் மீனுக்கு முன்னால்தான் வலை விழ வேண்டும் என்பார்கள். விண்கலமும் அப்படித்தான். குறைந்த எரிபொருளில் போனால் எட்டு, ஒன்பது மாதப் பயணம். அது போய்ச் சேரும் புள்ளிக்குச் செவ்வாயும் அன்று வந்திருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் அமைகிறது.

செவ்வாய்க்குப் போன நம் நாட்டு விண்கலம் மங்கள்யானையே பாருங்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் தெரியும் மகேந்திரகிரியில்தான் அதை ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். அதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. அந்த ராக்கெட்டுக்கு நேரே செவ்வாய்க்கு வீசியெறியும் பலம் கிடையாது. 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட கலம் பூமியையே சுற்றிச் சுற்றி, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, டிசம்பர் 1 அன்றுதான் விடைபெற்றது. அதே நவம்பரில் அமெரிக்காவின் மேவன் கலமும் புறப்பட்டது. இரண்டும் அடுத்த செப்டம்பரில், இரண்டு நாள் இடைவெளியில் செவ்வாயை அடைந்தன. 2020 ஜூலையில் அமீரகம், சீனா, அமெரிக்கா என்று மூன்று நாடுகளின் கலங்கள் கிளம்பின. யாரும் கூடிப் பேசி நாள் குறிக்கவில்லை. நாள் குறித்தது சூரியக் குடும்பம்.

இப்போது கதைக்கு வருவோம். குடியிருப்பில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிறது. பூமியிலிருந்து கலம் கிளம்பும் வாய்ப்பு கைநழுவி ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. அடுத்த கலம் கிளம்பவே இன்னும் 25 மாதம். வந்துசேர அதற்குமேல் எட்டு மாதம். ஏறத்தாழ மூன்று ஆண்டு! ஊருக்குத் திரும்பிவிடலாமென்றாலும் அதற்கும் நாள் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அந்த மூன்று ஆண்டில் யார் யாரோடு சண்டையிடுவார்கள், தண்ணீரை யார் அளந்து கொடுப்பார்கள்? எழுத்தாளர்களே, இதைவிட நல்ல கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? ராக்கெட்டை மறுநாளே கிளப்பி இதையெல்லாம் வீணடிக்கிறீர்களே! திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். செவ்வாயின் நிலவு போபோஸ் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். செவ்வாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்கும் முன்பே, ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் செவ்வாயை ஒரு சுற்று முடித்துவிடுவதால், அது அங்கே மேற்கில் உதித்து கிழக்கில் மறையும். செவ்வாயில் நிலாக் காட்சி எழுதுகிறவர்கள் இதையாவது கவனியுங்கள். வணக்கம்.