டிஸ்லெக்சியா இருக்குன்னு சீனியர்கிட்ட சொல்லலாமா?

அடுத்தது மன்னார்குடியிலேர்ந்து ஒரு தங்கச்சி. "வக்கீலா பதிவு பண்ணி ஒரு வருஷம் ஆகுது சார். எனக்கு டிஸ்லெக்சியா, எழுத்து வாசிக்கறதுல சிக்கல். பத்திரத்தைப் பார்த்து பிராது எழுதுறப்ப நம்பர் மாறிப்போயிடுது. சீனியர்கிட்ட சொன்னா கேஸ் கட்டே குடுக்கமாட்டாரோன்னு பயம். சட்டத்துல வழி இருக்கா?"

இருக்கும்மா. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு சொல்லியிருக்கு. டிஸ்லெக்சியா, ஆட்டிசம் ரெண்டும் அதுல வருது. கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏடிஹெச்டி பேரு தனியா இல்ல, அது அந்தச் சட்டத்துல ஒரு குறைதான். குறைபாடு 40 சதவீதம்னு சான்று இல்லையேன்னும் தயங்காதீங்க. எழுத உட்கார்ந்தா கை இழுத்துக்கற கோளாறு உள்ள விகாஷ் குமார், யூபிஎஸ்சி மேல போட்ட வழக்குல, பரீட்சைக்கு ஆள் வச்சு எழுத அந்த அளவு கட்டாயமில்லன்னு 2021ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

ஆனா அது பரீட்சை. ஜூனியருக்கு ஏதும்மா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்? சீனியர் முன்னாடி செக்ஷன் நம்பர் சொல்லி நின்னா காரியம் ஆகாது.

என்கிட்ட ஜூனியரா ஒரு பையன் இருந்தாரு. பாகப்பிரிவினை வழக்கு, சொத்து விவரத்துல சர்வே நம்பர் 117/2ங்கறது 171/2ன்னு போயிடுச்சு. கவனமில்லன்னு கத்திட்டேன். அப்பறம் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 6 ரூல் 17ல பிராதைத் திருத்த மனு, அதுக்கு எதிர்த்தரப்பு கவுன்ட்டர், மூணு வாய்தா போச்சு. அதுக்கப்பறம்தான் தனக்கு டிஸ்லெக்சியான்னு வாயத் தொறந்தாரு. நான் கத்தினதுக்கு அவரு எப்படி முன்னாடியே சொல்லுவாரு?

பிறகு குமாஸ்தா மூலப்பத்திரத்த வாய்விட்டு வாசிப்பாரு. நூத்திப் பதினேழுன்னு இல்ல, "ஒண்ணு, ஒண்ணு, ஏழு, பை ரெண்டு". இவரு வரிக்குக் கீழ ஸ்கேல் வச்சு பென்சில்ல டிக் போடுவாரு. பத்து நிமிஷ வேலை. பழைய பத்திரத்துல நில அளவு மா, குழின்னு இருக்கும், நாலு எல்லை சொல்ற செக்குபந்தி நீளமா ஓடும். அதைக் காதால கேட்டுக்கிட்டே தாள்ல படம் போடுவாரு. ஒருநாள், "சார், ஒரு பத்திரத்துல வாய்க்கால் வடக்க, இன்னொண்ணுல தெற்க. ரெண்டும் ஒரே நிலமாம்"னாரு. முப்பது வருஷ அனுபவம், நான் கவனிக்கல. எல்லாருக்கும் இப்படி வரும்னு சொல்லலம்மா, அவருக்கு வந்துச்சு.

அதனால வியாதிப் பேர்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. "கட்டை முதநாளே குடுங்க சார், சர்வே நம்பரை யாராச்சும் ஒருதரம் கூட வாசிக்கட்டும்"னு கேளுங்க. பேரைச் சொல்றது அப்பறம், உங்க இஷ்டம். அடுத்த பிராது தாக்கலுக்கு முன்னாடி குமாஸ்தாவ வாசிக்கச் சொல்லிப் பாருங்க.

சரி, அடுத்தது குத்தகை பத்தி ஒரு கேள்வி.