தெற்கு ஜார்ஜியா: ஆளில்லாத தீவுக்கு ஒரு மனு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகர் சங்கப் பெருமக்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. நான் பேசப்போகும் ஊரின் குளிருக்கு அது போதாது, ஆனாலும் நன்றி.

நிலம், பனியாறுகள், பறவைகள், கடல் என நான்கு செய்திகள் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலில், ஃபாக்லாந்துத் தீவுகளுக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டரில் தெற்கு ஜார்ஜியா கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 165 கிலோமீட்டர். பேஜட் சிகரம் 2,900 மீட்டரைத் தாண்டும். தீவின் பாதிக்கும் மேல் நிரந்தரப் பனி, ஒரு மரம்கூட இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இதே தொலைவில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் மாடு மேய்கிறது. இங்கே மட்டும் ஏன் இந்தக் குளிர்? அண்டார்க்டிகாவின் குளிர்நீர் வடக்கின் வெதுநீரைச் சந்திக்கும் எல்லைக்குத் தெற்கே இத்தீவு மாட்டிக்கொண்டதுதான் காரணம்.

1775இல் இங்கே இறங்கிய கேப்டன் குக், தென்கண்டத்தின் விளிம்பையே பிடித்துவிட்டதாக எண்ணினார். கரையோரமாகச் சுற்றி வந்தால், தீவு! தென்முனைக்கு 'ஏமாற்ற முனை' என்றே பெயர் வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே. இந்தப் பழமொழியை என் வாயால் நூறு முறை கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இன்றும் தப்ப முடியாது.

அண்டார்க்டிகப் பயண வீரர் ஷாக்கிள்டன் கதையைச் சொல்லாமல் இறங்கினால் மாணவர்கள் விடமாட்டார்கள். 1916 மே மாதம். கப்பல் முந்தைய ஆண்டே பனியில் நொறுங்கிப்போயிருந்தது. எலிஃபண்ட் தீவில் ஆட்களை விட்டுவிட்டு, சிறு படகில் இந்தத் தீவின் ஆளில்லாத பக்கத்தில் வந்து ஒதுங்கினார். ஆட்கள் இருந்த திமிங்கில வேட்டை நிலையங்களோ மலைக்கு மறுபக்கம். வர்ஸ்லி, கிரீன் என்ற இருவரோடு புறப்பட்டார். கூடாரம் இல்லை. படகிலிருந்து கழற்றிய திருகாணிகளைப் பூட்ஸின் அடியில் முடுக்கிக்கொண்டார்கள். இருட்டும் நேரம், ஓர் உச்சியில் நிற்கிறார்கள். அங்கேயே நின்றால் உறைந்து சாவு. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கயிற்றைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துச் சறுக்கினார்கள்! (கைதட்டல்) ஆமாம், ஆழம் தெரியாமல்தான் காலை விட்டார்கள். வேறு வழி இருந்தவர்களுக்குத்தான் பழமொழி. விடிந்ததும் தூரத்தில் ஆலைச் சங்கு ஒலித்தது. அருவி ஒன்றில் நனைந்து இறங்கினார்கள். பெண்கள் இருப்பார்களே என்று வர்ஸ்லி ஊக்குகளை எடுத்துக் கால்சட்டைக் கிழிசலை மாட்டினாராம்! எதிர்ப்பட்ட சிறுவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். நிலைய மேலாளரிடம் ஷாக்கிள்டன் கேட்டது, உலகப்போர் எப்போது முடிந்தது என்று. முடியவில்லை என்றார் அவர்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பனியாறுகளை விட்டுவிடுகிறேன்.

1904இல் நார்வேக்காரர் லார்சன் கிரிட்விக்கனில் திமிங்கில நிலையம் தொடங்கினார். 1960களின் நடுவில் தொழில் நிற்பதற்குள் தீவில் அறுக்கப்பட்டவை சுமார் 1,75,000 திமிங்கிலங்கள். இறைச்சிக்கும் வேட்டைக்கும் துருவ மான்களைக் கொண்டுவந்தார்கள். அவை புல்லைத் தின்றன. கப்பலில் வந்த எலிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. பெருஞ்செலவில் மான்களை அகற்றி, எலிகளை ஒழித்து, 2018இல்தான் எலியற்ற தீவு என்று அறிவிக்க முடிந்தது. தீவின் ஒரே பாடும் பறவையான பிப்பிட் மீண்டும் பெருகுகிறது.

கடலுக்கு வருகிறேன், உண்மையில் இதற்காகத்தான் வந்தேன். பென்குவினும் கடல்நாயும் திமிங்கிலமும் அங்கே கிரில்லை நம்பி வாழ்கின்றன. நம் கூனி இறால் போன்ற உயிர். பெரும்பாலும் அண்டார்க்டிகத் தீபகற்பப் பக்கமிருந்து நீரோட்டத்தில் வருகிறது. அங்கே அள்ளினால் இங்கே பந்தி காலி. மீன் பண்ணைத் தீவனத்துக்கும் ஒமேகா மாத்திரைக்கும் அதை அள்ளுகிறார்கள். பிடிப்பை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பிவைத்த விதி 2024இல் காலாவதியானது. மறு ஆண்டே 6,20,000 டன் வரம்பு ஆகஸ்டிலேயே தீர்ந்து, மீன்பிடிப்பு மூடப்பட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

நமக்கென்ன என்கிறீர்களா? இதைத் தீர்மானிக்கும் ஆணையம் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் கூடுகிறது. இந்தியா அதில் உறுப்பு நாடு. ஒருமித்த கருத்தில்லாமல் அங்கே எதுவும் நிறைவேறாது. நம் குரலுக்கும் அதே எடை. அந்த விதியை மீட்க இந்தியா வாதாட வேண்டும் என்று மத்திய அரசுக்கு மனு எழுதியிருக்கிறேன். தாள்கள் நூலகரிடம் இருக்கின்றன. தேநீருக்குப் போகும் வழியில் கையெழுத்திடுங்கள். தலைமையாசிரியர் ஐயாவின் கையெழுத்து முதலில் இருந்தால் பெருமைப்படுவேன். பறவைகளுக்கு இன்னொரு கூட்டம் போடச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.