தீர்வையில்லாக் கடையும் நம் பெட்டியும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோவையிலிருந்து சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தாருக்குக் கோழிக்கோடு விமான நிலையமும் எட்டும் தூரமே. ஆகவே பிழைப்புக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ கடல் கடந்து செல்வது நம் மலையிலும் இன்று சாதாரணமாகிவிட்டது. அவ்வாறு செல்வோர் விமானம் ஏறுமுன் கட்டாயம் கடந்தாக வேண்டிய ஒரு கடைத்தெருவைப் பற்றி, அதாவது ‘டூட்டி ஃப்ரீ’ என்று வழங்கும் தீர்வையில்லாக் கடைகளைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ‘தீர்வையில்லை’ என்னும் சொல் விற்கும் நாட்டின் வரியை மட்டுமே குறிக்கிறது என்பதாகும். வாங்கியவர் எந்த நாட்டுக்குள் பொருளைக் கொண்டுபோகிறாரோ, அந்த நாட்டின் சுங்கச் சட்டத்தைப் பற்றி அச்சொல் எந்த உறுதியும் தருவதில்லை. இந்த ஏற்பாடு பிறந்த கதையே இதைத் தெளிவாக்கும். 1947ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ’ரீகன் என்பவர் இத்தகைய முதல் கடையைத் தொடங்கினார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டும் விமானங்கள் அக்காலத்தில் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கின. இறங்கிய பயணிகளோ அயர்லாந்துக்குள் நுழையாமல், சிறிது நேரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் ஏறிச் சென்றனர். நாட்டுக்குள்ளேயே வராதவரிடம் நாட்டு வரியை எப்படி வாங்குவது என்னும் கேள்விதான் இக்கடைகளின் அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு இடையே பயணம் செய்வோருக்கு இச்சலுகையை 1999 ஜூலையில் நிறுத்தியதற்கும் இதே தர்க்கம்தான் காரணம்: ஒரே சந்தைக்குள் இடம் மாறும் பொருள் ஏற்றுமதியாகாது.

அப்படியானால் விலை உண்மையிலேயே குறைவா என்று கேட்பீர்கள். எந்தப் பொருளின் மீது வழக்கமாக வரி மிகுதியோ, அதில்தான் குறைவு கண்ணுக்குத் தெரியும். மதுவும் சிகரெட்டும் அவ்வகையைச் சேர்ந்தவை. சாக்லேட்டிலும் மின்னணுப் பொருள்களிலும் தள்ளுபடியாவதற்கு வரியே அதிகமில்லை. கடைக்காரர் விமான நிலையத்துக்குச் செலுத்தும் உரிமக் கட்டணமும் விலைக்குள் ஒளிந்திருக்கும். மேலும் அங்கே விற்கும் பெரிய அளவுப் பொட்டலங்கள் பல, வெளிக்கடைகளில் அதே அளவில் கிடைப்பதில்லை என்பதால் ஒப்பிடுவது எளிதன்று. உதகை கமர்ஷியல் சாலையில் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டை நம் கண்ணெதிரே நிறுத்து, 100 கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லி விற்கிறார்கள். விமான நிலையத்தில் அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும். போட்டுப் பார்த்த பிறகு, பேரப்பிள்ளைகளுக்கு நான் சாக்லேட்டை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

இனி நம் நாட்டு விதிக்கு வருவோம். பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மொத்த மதிப்பை 2016ஆம் ஆண்டின் உடைமை விதிகள் 50,000 ரூபாய் என்று வகுத்திருந்தன; 2026 பிப்ரவரியில் அது 75,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை அவ்வப்போது திருத்தப்படக்கூடியது; ஆகவே புறப்படுமுன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. மதுவுக்கு இரண்டு லிட்டரும், சிகரெட்டுக்கு நூறும் உச்சவரம்பு. இங்கே வந்திறங்கியபின் வருகைக் கூடத்துக் கடையில் வாங்குவதும் இதே கணக்கில்தான் சேரும். பலர் அறியாத ஒன்று, கணவனின் வரம்பையும் மனைவியின் வரம்பையும் கூட்டி ஒரே விலையுயர்ந்த பொருளுக்குக் காட்ட முடியாது என்பது. நகைக்கான தனிச்சலுகையோ ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவருக்கே உரியது. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பதே அதன் உச்சம். தங்க பிஸ்கட்டும் நாணயமும் நகையாகக் கருதப்படுவதில்லை. பத்து நாள் துபாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர் அச்சலுகையை நம்பிக் கடையேறக் கூடாது. வரம்பை மீறிய பொருள் இருந்தால், தீர்வை கட்ட வேண்டியவர்களுக்கென விமான நிலையத்தில் உள்ள சிவப்பு வழியில் சென்று சுங்க அதிகாரியிடம் அறிவித்துவிடுவதே முறை.

என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது முதல் விமான நிலையத்தில் ஒரு வாசனைத் திரவியம் வாங்கினோம். கடைக்காரர் அதை ரசீதுடன் ஒரு கெட்டியான பையிலிட்டு ஒட்டிக் கொடுத்தார். இடையில் விமானம் மாறும் ஊரில் நெடுநேரம் காத்திருந்தபோது, மணம் எப்படியிருக்கிறது என்று பார்க்க என் மனைவி ஆசைப்பட்டார். நானும்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பையைப் பிரித்தோம். அடுத்த பாதுகாப்புச் சோதனையில் அந்தப் புட்டி எங்கள் கையைவிட்டுப் போயிற்று. சோதித்தவர்மீது குறை சொல்ல இடமில்லை. 2006ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகளில் திரவம் எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு வந்தது. முத்திரையிட்ட பையும் உள்ளிருக்கும் ரசீதும்தான் அதற்கு விலக்கு அளிப்பவை. இறுதி ஊர் சேரும்வரை அதைப் பிரிக்கலாகாது.

பணம் செலுத்தும்போது, ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அட்டை இயந்திரம் கேட்கும். அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தருபவர் அதற்கான லாபத்தையும் நாணய மாற்று விகிதத்தில் ஏற்றியிருப்பார்.

கடைசியாக, நம் மலைக்கே உரிய ஒரு செய்தி. விமான நிலையத்தில் காப்பாற்ற வேண்டிய அந்தப் பை, பிளாஸ்டிக்கால் ஆனது. பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாவட்டத்தில் உள்ள தடை உங்களுக்குத் தெரியும். எனவே மேட்டுப்பாளையம் வந்ததும் பையைப் பிரித்து, பொருளைத் துணிப்பைக்கு மாற்றிக்கொண்டு மலையேறுங்கள். ரசீதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.