90 ஜிபி அழித்தும் மேக்கில் இடம் வரவில்லையா? உங்கள் கோப்புகள் ஒளிந்திருக்கும் இடம் இதுதான்!

[திரையில்: குப்பைத் தொட்டி காலியாகும் காட்சி]

காகிதம் கசங்கும் அந்தச் சத்தம் கேட்டதா? 90 ஜிபி கல்யாண வீடியோவை இப்போதுதான் அழித்தேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து பார்க்கிறேன். முன்பு 6 ஜிபி காலி. இப்போதும் அதே 6 ஜிபி!

வணக்கம் நண்பர்களே. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். சென்ற மாதம் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். விடிந்தால் முகூர்த்தம், கேமரா கார்டை இறக்க இடமில்லை. பதற்றத்தில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் அப்பாவை எடுத்த வீடியோவையும் அழித்துவிட்டேன். அப்போதும் இடம் வரவில்லை. ஒரு கடையில் கேட்டதற்கு, "டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்கள். டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை! இது தெரியாமல் எத்தனை பேர் பிள்ளைகளின் படங்களை அழித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

மேக்கோடு வரும் பேக்அப் வசதியான டைம் மெஷின் 2007இல் வந்தது. 2017இல் ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை மேக்குக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

டைம் மெஷின் தானாக இயங்கும்படி வைத்திருந்தால், வெளி டிஸ்க்கை மாட்டாவிட்டாலும் மேக் மணிக்கொரு முறை ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் டிஸ்க்கில் என்னென்ன இருந்தன என்ற பதிவு) எடுத்து, அதே டிஸ்க்கில் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும்.

[திரையில்: வெள்ளிக் கொலுசுகள்]

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையை மனதில் கொள்ளுங்கள். பீரோ நிறையக் கொலுசு. கணக்குப்பிள்ளை மணிக்கொரு முறை ஒரு ஏடு எழுதுகிறார்: "மூன்றாம் தட்டு, ஏழாம் அறை, சலங்கைக் கொலுசு ஒரு ஜோடி." எழுதுவதோடு சரி; இன்னொரு கொலுசு செய்து வைப்பதில்லை. அதனால் ஏடு எழுதியவுடன் பீரோவில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. ஸ்னாப்ஷாட்டும் எடுத்த நொடியில் ஏறக்குறைய இடமே பிடிக்காது.

சிக்கல் பிறகுதான். முதலாளி, "அந்த ஜோடியை உருக்கிவிடு" என்கிறார். இன்றைய கணக்கிலிருந்து அடித்துவிடுகிறார்கள். ஆனால் கணக்குப்பிள்ளை பீரோவைத் திறக்க மறுக்கிறார்: "காலை பத்து மணி ஏட்டில் இது இருக்கிறதே! ஏடு இருக்கும்வரை கொலுசை எடுக்க விடமாட்டேன்." என் 90 ஜிபி நின்றது அந்த பீரோவில்தான்.

பத்து மணி ஏட்டைக் கிழித்தால் கொலுசு வெளியே வருமா? வராது! பதினோரு மணி ஏட்டிலும் அதே ஜோடி இருக்கிறது, பன்னிரண்டு மணி ஏட்டிலும் இருக்கிறது. கடைசி ஏடும் போனால்தான் அறை காலியாகும். டிஸ்க் யுடிலிட்டியில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் நேரே "பிரைவேட் சைஸ்" என்று அற்பமான ஓர் எண் தெரியும். அது அந்த ஒன்று மட்டும் தனியாகப் பிடித்திருக்கும் இடம். ஏமாந்துவிடாதீர்கள், எல்லாம் சேர்ந்து பிடித்திருப்பது பெரிது.

கோப்புகளைப் பார்க்கத் திறக்கும் ஃபைண்டர் இந்த இடத்தையும் "காலி" என்றே கணக்கிடும். தேவை வந்தால் மேக் தானே ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கும் என்பது ஆப்பிளின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முகூர்த்த நேரம் அதற்காகக் காத்திருக்காது.

நீக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தவறி அழித்தது எதுவும் உண்டா? அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டரைத் திறந்துவைத்து டைம் மெஷினுக்குள் போங்கள். காலையில் இருந்த நிலைக்குப் பின்னே நகர்ந்து "ரீஸ்டோர்" கொடுங்கள். அப்பாவின் வீடியோ எனக்கு அப்படித்தான் திரும்பி வந்தது. 14 விநாடி. காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரியும் சேலத்து விளக்குகளில் எங்கள் தெரு எது என்று தேடிக்கொண்டிருக்கிறார். இடத்தை அடைத்த அதே ஸ்னாப்ஷாட்தான் அவரையும் காத்து வைத்திருந்தது. உடனே வெளி டிஸ்க்கில் ஏற்றினேன். நீங்களும் ஏற்றுங்கள், டிஸ்க் பழுதானால் அதிலேயே இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போய்விடும்.

[திரையில்: டிஸ்க் யுடிலிட்டி]

இனி நீக்கலாம். இந்த வழி மான்டரேக்கும் அதற்குப் பின் வந்த மேக்ஓஎஸ்களுக்கும். இடப்பக்கம் "டேட்டா" என்று முடியும் வால்யூமைத் தேர்ந்தெடுங்கள். "வியூ" மெனுவில் "ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ்". கீழே வரும் பட்டியலில் பெயரில் "டைம்மெஷின்" உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துக் கழித்தல் குறியை அழுத்துங்கள். "ஓஎஸ் அப்டேட்" என்று பெயர் கொண்டது எங்காவது கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். இதுவும் சிரமம் என்றால் டைம் மெஷின் அமைப்பில் தானாக பேக்அப் எடுப்பதை நிறுத்தி (புதிய மேக்ஓஎஸ்களில் "மேனுவலி" என்று மாற்றி) சில நிமிடம் பொறுங்கள். ஸ்னாப்ஷாட்டுகள் தாமே நீங்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

விண்டோஸிலும் இப்படிப் பழைய நிலையைக் காத்துவைக்கும் பதிவுகள் இடம் பிடிக்கலாம்; விண்டோஸ்காரர்கள் "சிஸ்டம் புரொடெக்‌ஷன்" பக்கத்தில் "கான்ஃபிகர்" அழுத்திப் பாருங்கள்.

கடைசி ஸ்னாப்ஷாட் நீங்கியபோது என் மேக்கில் 6 என்றிருந்த எண் 101 ஆனது. உங்கள் பட்டியலில் எத்தனை இருந்தன, எவ்வளவு இடம் திரும்பியது என்று கமெண்டில் எழுதுங்கள். படங்களை அழித்துக்கொண்டிருக்கும் நண்பர் யாராவது இருந்தால், இந்த வீடியோவை இன்றே அவருக்கு அனுப்புங்கள்.