புகார் சொன்ன நர்ஸே நிரூபிக்க வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். என்னைத் தேடி வருபவர்களில் நர்ஸுகள் நிறையப் பேர்.

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தால் உங்களுக்கே தெரியும். டாக்டர் வருவார், பார்ப்பார், போய்விடுவார். ராத்திரி முழுக்கக் கூட இருப்பது நர்ஸ்தான். அதனால் தப்பு நடந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். போடாத ஊசிக்குப் பில், சரியாகச் சுத்தம் செய்யாத கருவி, ஒரே டாக்டரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தொற்று. இதையெல்லாம் பார்த்தவர் வாய் திறந்தால் அவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். எங்கே பேசப்போனாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே கெர்மிட் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள மருத்துவமனையில் ஆன் மிட்செல், விக்கிலின் கேல் என்று இரண்டு நர்ஸுகள், நீண்ட காலம் அங்கேயே வேலை பார்த்தவர்கள். புதிதாக வந்த ஒரு டாக்டரின் சிகிச்சை முறை அவர்களுக்குப் பயத்தைக் கொடுத்தது. 2009-ல் மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார்கள். நோயாளிகளின் பெயரைக்கூட எழுதவில்லை, கோப்பு எண்களை மட்டும்தான் குறிப்பிட்டார்கள்.

அந்த டாக்டர் நேரே ஷெரிஃபிடம், அதாவது அந்தப் பகுதியின் போலீஸ் தலைவரிடம் போனார். ஷெரிஃப் அவருக்கு நண்பர், அவரிடம் சிகிச்சை பெற்றவரும்கூட. கடிதம் எழுதியது யார் என்று தேட ஆரம்பித்தார்கள். நன்றாகக் கவனியுங்கள், கடிதத்தில் சொன்னது உண்மையா என்று தேடவில்லை. நர்ஸுகளின் கணினிகளைக் கைப்பற்றி, கடிதத்தைக் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் வேலை போனது. அதோடு விடவில்லை, அரசுத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று குற்ற வழக்கும் போட்டார்கள். பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது!

விசாரணைக்குச் சற்று முன்பு கேல் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். மிட்செல் நீதிமன்றத்தில் நின்றார். 2010 பிப்ரவரியில் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் அவரை விடுவித்தார்கள். பிறகு இருவருக்கும் சேர்த்து ஏழரை லட்சம் டாலர் இழப்பீடு. அந்த ஷெரிஃபுக்கும், வழக்கை நடத்திய கவுன்டி (மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞருக்கும் பழிவாங்கியதற்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதைக் கேட்டுவிட்டு, நல்லபடியாக முடிந்ததே என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகார் செய்த நர்ஸைப் பழிவாங்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டத்தில் அப்போதே இருந்தது. இருந்தும் இத்தனையும் நடந்தது. 2011-ல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

சரி, இப்படிப் போலீஸ் வரை போவது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு. திடீரென்று தொடர்ச்சியாக நைட் டியூட்டி. கேட்ட லீவு கிடைக்காது. பத்து நிமிடத் தாமதத்துக்கு மெமோ. அப்புறம் வேறு வார்டுக்கு மாற்றம். ஏன் என்று கேட்டால் ‘நிர்வாகக் காரணம்’ என்பார்கள். இதெல்லாம் என் புகாரால்தான் நடந்தது என்று அந்த நர்ஸ் எப்படி நிரூபிப்பார்? டியூட்டி பட்டியல் போடுகிறவர்கள் அவர்கள், கோப்புகள் இருப்பதும் அவர்களிடம். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: நிரூபிக்க வேண்டியது யார்?

டெக்சாஸ் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. முறைப்படி புகார் செய்து 60 நாளுக்குள் வேலையை விட்டு நீக்கினால், அது பழிவாங்கல் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது நிர்வாகம். புகார் சொல்பவர்களைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த உத்தரவும் நிரூபிக்கும் பொறுப்பை வேலை கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. அதுவும் வேலை நீக்கத்துக்கு மட்டுமில்லை, இடமாற்றத்துக்கும் பதவி உயர்வு மறுப்புக்கும் சேர்த்து. இந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் மற்றப் பிரிவுகள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் ஒரு நர்ஸுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நிரூபிக்க வேண்டியது நிர்வாகம்தான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் டோனி ஹாஃப்மன் என்ற நர்ஸ், ஒரு அறுவை சிகிச்சை டாக்டரைப் பற்றி மருத்துவமனைக்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்து, 2005-ல் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார். அப்படிப் போவதையும் அவருடைய மாநிலமான குயின்ஸ்லாந்தின் சட்டம் பின்னர்தான் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் நர்ஸுகளுக்கு மட்டும் வேகமாகச் சிலது. பார்த்ததை அன்றே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். நோயாளியின் கோப்பைப் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதையே உங்கள் மேல் குற்றமாக்குவார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். யாரிடம் சொன்னால் உங்கள் சட்டம் பாதுகாக்கும் என்பதைச் சொல்வதற்கு முன்பே சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். வழக்குப் போடப் பல இடங்களில் சில மாதங்கள்தான் அவகாசம், அதைக் கடத்திவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.