பாஸ்புக்கில் ஒரு வரி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில், பாடத்திட்டத்தில் இருக்கிற நிறுவனப் பயிற்சிக்காக, ஒரு பெரிய பொதுத்துறை வங்கியின் கிளையில் இருந்தேன். அந்த அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். வங்கித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பயிற்சிக்கு வருகிற மாணவரை ஒரு கிளையில் எந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி அது. அதனால் இன்று நான் சொல்லப் போகும் யாருடைய பெயரும் ஊரும் வராது. கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது என்றார்கள். அது நியாயமான விதி. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி எண், தனிக் கடவுச்சொல். ஒருவர் பதிவதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பெரிய தொகை எதுவும் கணக்கில் ஏறும், இறங்கும். பதிகிறவரை மேக்கர் என்கிறார்கள், பார்க்கிறவரைச் செக்கர் என்கிறார்கள். ஸ்ட்ராங் ரூமுக்கும் இரண்டு சாவி, அவை இரண்டு பேரிடம் இருக்கும். ஆடிட்டிங் பாடத்தில் ‘இன்டர்னல் செக்’ என்று நாங்கள் மனப்பாடம் செய்து எழுதியதெல்லாம் அங்கே மனிதர்களாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் கையில் இருக்கும் ரொக்கமும் கணினியில் காட்டும் இருப்பும் ஒத்துப்போகும் வரை ஹெட் கேஷியர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. இதெல்லாம் பார்க்கப் பார்க்க மரியாதை கூடியது.

முதலில் என்னை வவுச்சர் அடுக்க விட்டார்கள். அப்புறம் நகைக்கடன் பிரிவில் கொஞ்ச நாள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அதை எதிர்பார்த்து எங்கள் டெல்டாவில் மே கடைசியிலேயே குறுவைக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். உழவுக்கும் விதைக்கும் நடவு ஆளுக்கும் கையில் பணம் வேண்டும். நிலத்துக்கும் பயிருக்குமான பதிவுகளான சிட்டா, அடங்கல் ஒரு கையிலும் நகைப் பை இன்னொரு கையிலுமாகக் காலையிலேயே வந்துவிடுவார்கள்.

நகை மதிப்பீட்டாளர் பரம்பரையாகப் பொற்கொல்லர் தொழில் செய்கிறவர். சங்கிலியின் ஓரத்தை உரைகல்லில் லேசாக ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்துவிட்டு, எந்தக் கோடு நிற்கிறது, எது மங்குகிறது என்று கண் எடுக்காமல் பார்ப்பார். தோட்டில் கல் இருந்தால் அதன் எடையைக் கழிப்பார், உள்ளே அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார். கடைசியில் சீட்டில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். அங்கேதான் ஒவ்வொருவர் முகமும் மாறும். “கடைல 30 கிராமுன்னு எழுதிக் குடுத்தாங்களே, நீங்க 26ன்னு போட்டிருக்கீங்களே” என்று ஒரு அம்மா கேட்டார். கவுண்டருக்குள் யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கல்லுக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளரிடம் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். கடன் தொகை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போகவில்லை.

இது உபகாரம் இல்லை, விதியும் இதைத்தான் சொல்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. கடன் வாங்குகிறவர் முன்னிலையில்தான் தங்கத்தை மதிப்பிட வேண்டும். நிபந்தனைகளை அந்த வட்டார மொழியிலோ அவர் கேட்கும் மொழியிலோ தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், வங்கி ஊழியர் அல்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும் என்கிறது அது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கெடுவும் வைத்தது. விதி நல்ல விதி. விளக்குவதற்கு ஆள் வேண்டுமே!

நான் அந்த அம்மாவிடம் பேசியதைக் கிளை மேலாளர் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் என்னை வாசல் பக்கம், பாஸ்புக் பதிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார். வகுப்பில் என்னோடு படிக்கிறவர்களில் சிலர் இதைக் கேட்டு, “உன்னை வெளியே உட்கார வெச்சுட்டாங்களா?” என்று வருத்தப்பட்டார்கள். உண்மையில் என் படிப்பு அந்த மேசையில்தான் தொடங்கியது.

“பாப்பா, இத எழுதிக் குடு.” ஒரு நாளில் நான் அதிகம் கேட்டது இந்த வார்த்தைகளைத்தான். பணம் எடுக்கும் படிவம், முகவரி மாற்றம், ஆதார் இணைப்பு, கேஒய்சி எனும் அடையாள விவரப் புதுப்பிப்பு என்று வந்துகொண்டே இருக்கும். 15ஆம் தேதியை ஒட்டிப் பெண்கள் கூட்டம் தனி. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்க வருவார்கள். பெரும்பாலும் பாஸ்புக்கை நீட்டிவிட்டு, “வந்துடுச்சா?” என்று மட்டும்தான் கேட்பார்கள். மற்ற வரிகள் அவர்களுக்குப் பொருட்டில்லை. அவை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கின்றன. படித்த எனக்கே சிலது புரியாமல் உள்ளே போய்க் கேட்டிருக்கிறேன்.

மே கடைசி வாரத்தில் கேள்வி மாறியது. “என் கணக்குல 436 ரூபாய யார் எடுத்தா?” சிலருக்கு அதோடு 20 ரூபாயும் குறைந்திருந்தது. கோபமாகத்தான் வருவார்கள். கோபம் வராமல் எப்படி இருக்கும்? நூறு நாள் வேலைக் கூலி அது. அந்த 436 ரூபாய், பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஆண்டு பிரீமியம். 2015இல் தொடங்கிய திட்டம். 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வயது வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் என்பது சுரக்ஷா காப்பீடு. அது விபத்துக்கு மட்டும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடிகிறது. அதனால்தான் மே கடைசியில் பணம் பிடிக்கிறார்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டது வந்தவர்களில் பலருக்கு நினைவில் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் சிலர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அது அவர்கள் உரிமை. பலர், “அப்படியா, சரி இருக்கட்டும்” என்று போனார்கள்.

ஜூனில் ஓர் அம்மா, பதினைந்து பதினாறு வயதுப் பையனோடு வந்தார். கணவர் ஏப்ரலில் உடம்புக்கு முடியாமல் இறந்துவிட்டார். கணக்கில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழ் பையன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பாஸ்புக் ரொம்ப நாளாகப் பதியாமல் கிடந்தது. பதிந்து கொடுத்தேன். போன வருஷம் மே மாதத்தில் அதே 436. அதற்கு முந்தைய மே மாதத்திலும் இருந்தது. அப்படியானால் இந்த மே 31 வரை அவருக்குக் காப்பீடு இருந்திருக்கிறது. இறந்தது ஏப்ரலில்.

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு உதவி மேலாளர் மேடத்திடம் போனேன். அவர் கணினியில் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இறந்தவருக்கு வயது 47. அவருக்குப் பின் பணத்தைப் பெறுகிறவராக, அதாவது நாமினியாக, எழுதியிருந்தது அந்த அம்மாவைத்தான். “அவங்கள உள்ள கூட்டிட்டு வாம்மா” என்றார். கோரிக்கைப் படிவத்தை மேடமே எழுதினார். அந்த அம்மாவின் பாஸ்புக் நகலையும் சான்றிதழையும் சேர்த்து அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். என் பயிற்சி முடிகிற வாரத்தில் பணம் வந்துவிட்டது. பையன் அந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பு.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த 2 லட்சத்தை யாரும் அவர்களிடமிருந்து மறைக்கவில்லை. பாஸ்புக்கில் அச்சாகித்தான் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கவுண்டரில் இருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒவ்வொரு பாஸ்புக்கையும் புரட்டிப் பார்க்க அவர்களால் முடியாது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளையும் 1980இல் இன்னும் 6 வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கினார்கள். வங்கி சாதாரண ஜனங்களிடம் போக வேண்டும் என்பது அதில் முக்கியமான நோக்கம். 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்து, கணக்கே இல்லாதவர்களுக்குக் கணக்கு கிடைத்தது. கணக்கு வந்துவிட்டது, புத்தகமும் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறவர் இன்னும் வரவில்லை.

வாடிக்கையாளர் பயன்படுத்தும் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. நான் இருந்த கிளையில் சில படிவங்களில் தமிழ் இருந்தது, சிலதில் இல்லை. தமிழில் இருந்தால் தானே எழுதிவிடக்கூடிய ஒரு பெரியவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறை வரட்டும் என்று என் மேசை முன்னால் காத்திருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை, இப்போது நினைத்தாலும் பொறுக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சி முடிந்து நாங்கள் கொடுக்கும் ரெக்கார்டில் வங்கியின் வரலாறு, நிர்வாக அமைப்பு, ஐந்தாண்டு லாப நட்டம் எல்லாம் இருக்கும். பாதியை இணையத்திலிருந்து எடுத்துவிடலாம். அதற்குப் பதில், மக்கள் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகும் என்பதையும், பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், அப்போதும் உரியவர் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்பதையும் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மகன் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தாத்தாவின் கணக்கைத் தேடிக் கொடுக்கும்போது கற்றுக்கொண்டேன். வங்கி மேலாளர்களும், மாணவர்கள் வந்தால் வவுச்சர் அறையிலேயே வைத்துவிடாமல் வாசலில் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்கு. இன்றைக்கு அப்பா அம்மாவின் பாஸ்புக்கை வாங்கிக் கொண்டுபோய்ப் பதிந்து, வரி வரியாக அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். 436, 20 என்ற எண்கள் இருந்தால் அது என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும். அவை இருக்கிற கணக்கில் மே கடைசி வாரத்தில் அந்த அளவாவது பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். நாமினி யார் என்று கேளுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். யாருமே போடவில்லை என்றால் கிளைக்குப் போய் அந்தப் படிவத்தைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.